கன்ஃபர்ம் ஃபைலில் ஒரு வரி

ஆகஸ்ட் 4, 2025, திங்கள்

இருநூற்றுப் பன்னிரண்டு. இன்று உட்கார்ந்து எண்ணிவிட்டேன். எங்கள் பஸ் டிக்கெட் மென்பொருளில் இன்னும் பழைய கால்பேக் முறையில் ஓடிக்கொண்டிருக்கும் ஃபங்ஷன்கள், அதாவது ஒவ்வொரு வேலைக்கும் எழுதிய புரோகிராம் கோடுத் துண்டுகள், இத்தனை. எல்லாவற்றையும் பிராமிஸாக மாற்றிவிட வேண்டும் என்று குபேந்திரன் சார் சொல்லிவிட்டார். அக்டோபரில் தீபாவளிக் கூட்டம் தொடங்குவதற்குள் புது சர்வருக்குப் போக வேண்டும், அதனால் ஆகஸ்ட் கடைசி எனக்குக் கெடு.

"உமையா, நீதாம்மா இதப் பார்க்கணும். மத்த பிள்ளைகளுக்கு இந்தக் காலத்துக் கோடு எழுத வரும், அந்தக் காலத்துக் கோடு படிக்க வராது" என்றார். புகழ்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். சீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது, அந்தக் காலம் என்றது என்னைத்தான்.

இரவு வீட்டில் சாப்பிடும்போது இவர் கேட்டார், அப்படி எதை எதுவாக மாற்றுகிறாய் என்று. ஹோட்டலில் பார்சல் சொல்லிவிட்டு, ஆனதும் கூப்பிடு என்று நம்பர் கொடுத்துவிட்டு வந்தால் அது கால்பேக். கூப்பிடுவானா, ஒருமுறை கூப்பிடுவானா, மறந்துபோய் இரண்டுமுறை கூப்பிடுவானா, எல்லாம் அவன் கையில். பிராமிஸ் என்றால் டோக்கன். அதை நாம் வைத்துக்கொள்கிறோம். ஆயிற்று அல்லது ஆகவில்லை என்று அதில் ஒரே ஒரு பதில்தான் விழும், விழுந்த பிறகு மாறவே மாறாது. இப்படி அழகாக விளக்கினேன்.

"அப்ப இத்தன வருஷமா டோக்கன் இல்லாமத்தான் பஸ் விட்டீங்களா?" என்றார். இவருக்கு இனி எதையும் விளக்கப்போவதில்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

ஒன்பது முடிந்தது. தோள்பட்டை வலி. இட்லி மாவு புளித்துவிட்டது, நாளைக்கு ஊத்தப்பம்.

ஆகஸ்ட் 7, வியாழன்

எந்த ஃபைலைத் திறந்தாலும் ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் அதை எழுதியவர் பெயரும் தேதியும் வரும். இன்று முழுக்க 2012, 2013. பாதி வரிகள் உமையாள், பாதி வரிகள் ஜமீலா. வேறு யாரும் இல்லை. அப்போது ஆபீஸில் எழுதத் தெரிந்தவர்களே நாங்கள் இரண்டு பேர்தான்.

மதுரை கே.கே. நகரில் ஒரு சோஃபா கடைக்கு மாடியில் இருந்தோம். கீழே நாள் முழுக்க டக் டக் என்று ஆணி அடிப்பார்கள். நுரைப்பஞ்சுத் தூள் படியேறி வந்து கீபோர்டில் உட்காரும். அந்த வருஷம் கரண்ட் கட் என்றால் அப்படியொரு கரண்ட் கட். யூபிஎஸ் பத்து நிமிடம் கத்திவிட்டு அடங்கிவிடும். மின்விசிறி நின்றதும் குபேந்திரன் சார் சட்டைப் பட்டனைக் கழற்றிக்கொண்டு கீழே போய் சோஃபாக்காரரோடு பேச உட்கார்ந்துவிடுவார். நாங்கள் இருவரும் வியர்த்து வழிய அங்கேயே இருப்போம்.

"ஏய் உமை, கரண்ட் போனா என்ன, மூளைக்கு யூபிஎஸ் இருக்குல்ல? சொல்லு, எங்கிட்டு விட்டோம்? அடுத்த வரி என்ன?" என்பாள். டிக்கெட் ரோலின் பின்பக்கத்தில் பால்பாயின்ட் பேனாவால் எழுதிக்கொண்டே போவாள். கால்பேக்குக்குள் கால்பேக், அதற்குள் இன்னொன்று. வரி உள்ளே உள்ளே தள்ளிப்போய், ரோலின் அகலம் முடிந்து மேசையிலேயே எழுதுவாள். மூன்று மணிக்குக் கரண்ட் வந்தால் பார்த்துப் பார்த்து அடிப்போம். பெரும்பாலும் முதல் தடவையே ஓடும். அந்தச் சந்தோஷம் பிறகு எந்தச் சம்பள உயர்விலும் எனக்கு வந்ததில்லை.

சாயங்காலம் முக்கில் வண்டிக்காரரிடம் பருத்திப்பால். ஒரு டம்ளர் வாங்கினால் அவள் பாதி நான் பாதி என்று பேச்சு. முக்கால் அவள்தான் குடிப்பாள்.

பிறகு அவளுக்குக் கல்யாணம் ஆகித் திண்டுக்கல் போய்விட்டாள். பெண்கள் வேலையை விடுவதற்குக் காரணமா தேட வேண்டும்?

ஆகஸ்ட் 8, வெள்ளி

நினைத்ததும் வந்தால் ஆயுசு நூறு என்பது இதுதான் போல. ஜமீலாவிடமிருந்து மெசேஜ். கடைசியாக எப்போது பேசினோம் என்றுகூட நினைவில்லை, பெருநாளுக்கு நான் ஒரு வாழ்த்துப் படம் அனுப்புவேன், பொங்கலுக்கு அவள் ஒன்று அனுப்புவாள், அவ்வளவுதான்.

"உமை, நல்லா இருக்கியா? நாங்க மதுரைக்கே வந்துட்டோம். கோரிப்பாளையம். சின்னவனும் ஸ்கூல் போக ஆரம்பிச்சுட்டான். உங்க ஆபீஸ்ல ஆள் எடுக்கிறதா பார்த்தேன், அப்ளிகேஷன் போட்டுட்டேன். உன்கிட்ட சொல்லாம இருக்கக் கூடாதுன்னு தோணுச்சு. எனக்கு மறுபடி கோடு எழுதணும்டி. அவ்வளவு ஆசையா இருக்கு."

நிதானமாகப் பதில் போட வேண்டும். இன்று நேரமில்லை. மகளுக்குக் காது வலி, டாக்டர் வீட்டில் இருபத்தேழாவது டோக்கன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

குபேந்திரன் சார் கூப்பிட்டார். கையில் ஜமீலாவின் அப்ளிகேஷன்.

"இது நம்ம தீபாவளி ஜமீலாதானே?"

ஆபீஸில் அவளுக்கு அதுதான் பெயர். பார்த்தேயிராதவர்கள்கூட அப்படித்தான் சொல்வார்கள். காரணம் ஓர் அறிக்கை. புதிதாகச் சேரும் எல்லோருக்கும் முதல் நாள் அதைப் படிக்கக் கொடுப்பது எங்கள் ஆபீஸ் வழக்கம். 2014 தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் ஒரே சீட்டை இரண்டு பேருக்குக் கொடுத்துவிட்டோம். ஒரு சீட் இல்லை, முப்பத்தோரு சீட். மாட்டுத்தாவணியிலும் கோயம்பேட்டிலும் ஜனங்கள் பஸ்ஸுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள். கைக்குழந்தையோடு ஒரு பெண் ரோட்டோரம் நின்ற படம் பேப்பரில் வந்தது. ஒருவர் எடுத்த சீட்டை இன்னொருவர் எடுக்க முடியாமல் பூட்டிவைக்கும் ஃபங்ஷன் சரியாக வேலை செய்யவில்லை என்று அறிக்கை சொல்கிறது. பூட்டை எழுதியது ஜமீலா. அறிக்கையை எழுதியது நான்.

"டெஸ்ட் வச்சோம், பிரமாதமாப் பண்ணிருக்கு. ஆனா மறுபடி தீபாவளி வருதேம்மா" என்றார் சார். "நீ கூட வேலை பார்த்தவ. நீ சொல்லு."

"நல்லவதான் சார். ஆனா பத்து வருஷத்துக்கு மேல இடைவெளி இருக்கே. இப்பத்த வேலை அவளுக்குப் புதுசு" என்றேன்.

"அதான பார்த்தேன். அப்ப வேண்டாம்னு வச்சுக்குவோம். மாசக் கடைசியில மெயில் போட்டுருவோம்."

நான் பொய் ஒன்றும் சொல்லவில்லை. இடைவெளி இருப்பது உண்மைதானே.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

எழுபத்து நான்கு ஃபங்ஷன் முடிந்தது. காஸ் சிலிண்டர் வந்தது. ஜமீலாவுக்கு இன்னும் பதில் போடவில்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

டெய்சி இன்றுமுதல் என்னோடு உட்காருகிறாள். எங்கள் டெஸ்டர். 2019இல் வந்தவள், கண்ணில் எதுவும் தப்பாது, அதனாலேயே எல்லோரும் அவளைக் கண்டால் வேறு வழியாகப் போவார்கள். நான் மாற்றிய ஒவ்வொரு ஃபங்ஷனையும் பழையதோடு பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டு, இரண்டும் ஒரே பதில் சொல்கிறதா என்று பார்ப்பது அவள் வேலை.

"அக்கா, வரிசையாத்தான வர்றீங்க? கன்ஃபர்ம் ஃபைல விட்டுட்டு அடுத்ததுக்குப் போயிட்டீங்க."

"அது கடைசியில."

"சின்ன ஃபைல்தானக்கா. முடிச்சுவிட்ருவோம்."

"சின்னதுன்னாலதான் கடைசியில."

எனக்கே அர்த்தம் விளங்காத பதில். அவள் தன் நோட்டில் எதையோ குறித்துக்கொண்டாள்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

லீவு. மகள் பள்ளிக்கூடத்தில் கொடியேற்றிவிட்டு இரண்டு மிட்டாயோடு வந்தாள். ஒன்று எனக்கு.

நேற்று ஜமீலாவின் பூட்டு ஃபங்ஷனை மாற்றினேன். மாற்றினேன் என்றால் வெளிச்சட்டையை மாற்றினேன், அவ்வளவுதான். உள்ளே ஓர் இடத்திலும் கை வைக்கத் தோன்றவில்லை. அதை அவள் சோதித்த விதம் நினைவுக்கு வந்து தனியாகச் சிரித்தேன். ஓடிக்கொண்டிருக்கும்போதே நெட் கேபிளைப் பிடுங்குவாள். சாரின் கம்ப்யூட்டர் கேபிளையும் சேர்த்துப் பிடுங்குவாள். "யாருடா அது!" என்று உள்ளே இருந்து சத்தம் வரும். "பூட்டு பிடிக்குதான்னு பார்த்தேன் சார்" என்பாள், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல்.

டெய்சி அந்தப் பழைய பூட்டில் ஒரே சீட்டுக்கு இரண்டு பேரை நாற்பதாயிரம் தடவை மோதவிட்டுப் பார்த்திருக்கிறாள். ஒரு சீட்கூட இரண்டு பேருக்குப் போகவில்லை. "அக்கா, இதுல எப்படிக்கா அன்னைக்கு அப்படி ஆச்சு?" என்று கேட்டாள். அப்போது வேறு சர்வர் என்று சொன்னேன்.

ஆகஸ்ட் 18, திங்கள்

நூற்று முப்பத்தொன்று. டீ மெஷின் ரிப்பேர். ஆபீஸே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறது.

ஆகஸ்ட் 20, புதன்

நான் சாப்பிடப் போயிருந்த நேரம் டெய்சி கன்ஃபர்ம் ஃபைலைத் திறந்துவிட்டாள். வரும்போது என் சீட்டில் உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த ஃபைல் நான் எழுதியது. வேலை சாதாரணமானது. ஒருவர் சீட் எடுத்ததும் பஸ் கம்பெனியின் கம்ப்யூட்டரிடம் இந்த சீட் சரிதானா என்று கேட்கும். தொண்ணூறு வினாடியில் பதில் வராவிட்டால் இல்லை என்று கால்பேக்கைக் கூப்பிடும். உடனே பூட்டு திறந்து சீட் அடுத்தவருக்குப் போய்விடும். அங்கிருந்து பதில் தாமதமாக வந்தால் என்ன ஆகும் என்று அந்தக் காலத்தில் நான் யோசிக்கவில்லை. மறுபடியும் கால்பேக்கைக் கூப்பிடும், இப்போது ஆமாம் என்று. முதல் ஆளுக்கும் டிக்கெட் அடித்துவிடும். கூட்ட நாளில்தான் பஸ் கம்பெனிக் கம்ப்யூட்டர்கள் திணறும். தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் மாதிரி.

"அக்கா, இங்க பாருங்க. ஃபைல் முழுக்க உங்க பேரு. இந்த ஒரு வரி மட்டும் ஜமீலா."

ஏற்கெனவே ஒருமுறை பதில் சொல்லியாகிவிட்டது என்றால் பேசாமல் திரும்பிவிடு. அவ்வளவுதான் அந்த வரி. தேதி 2014 அக்டோபர் 21, காலை 11.40. சீட் குழப்பத்துக்கு மறுநாள்.

டெய்சி அந்த வரியை எடுத்துவிட்டு ஓடவிட்டாள். பஸ் கம்பெனியின் பதிலை வேண்டுமென்றே தாமதப்படுத்தினாள். மூன்றாவது முயற்சியில் ஒரே சீட் இரண்டு பேருக்குப் போனது. வரியைத் திரும்ப வைத்தாள். போகவில்லை.

அவள் என்னைப் பார்த்தாள். நான் திரையைப் பார்த்தேன்.

"பிராமிஸா மாத்தினா இந்த வரி தேவையேயில்லக்கா. அதுல முதல் பதில் மட்டும்தான் நிக்கும். மாத்தும்போது தானாப் போயிரும். எடுத்துரவா?"

"நானே பார்த்துக்கிறேன், விடு" என்றேன்.

ஆகஸ்ட் 21, வியாழன்

ஆக, பிழை என்னுடையது. நேற்றுதான் எனக்கே தெரிந்தது. அதிர்ச்சியாக இருக்கிறது. ஜமீலாவாவது அப்போது என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு, என் ஃபைலில் வரியைப் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்தால் நான் எப்படிக் கண்டுபிடிப்பது? அன்றைக்கு இருந்த அமளியில் யார் எதைப் பார்த்தார்கள்?

பதினொரு வருஷம் ஆகிவிட்டது. இனி பேசி யாருக்கு என்ன ஆகப்போகிறது. நூற்று அறுபத்தெட்டு முடிந்தது.

ஆகஸ்ட் 23, சனி

ஜமீலா மெசேஜ்: "பிஸியா உமை? பரவால்ல. டெஸ்ட் நல்லாப் பண்ணேன்னுதான் நெனைக்கிறேன், இன்னும் கூப்பிடல. ஏதாச்சும் தெரிஞ்சா மட்டும் சொல்லு. வீட்ல எல்லாரும் கேட்டுட்டே இருக்காங்க."

கீழே ஒரு சிரிப்புப் பொம்மை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

காலையில் துணி துவைத்துக் காயப்போட்டேன். மகள் தலைக்கு எண்ணெய் வைத்தேன். இவர் கறி வாங்கி வந்தார், சமைத்தேன். எல்லாம் முடிந்து மத்தியானம் இந்த நோட்டைத் திருப்பினேன். வியாழக்கிழமை எழுதியதைப் படித்தபோது காது சுட்டது. யாரும் படிக்காத நோட்டில்கூடப் பொய் எழுதியிருக்கிறேன்.

புதன்கிழமை தெரிந்ததல்ல. அன்றைக்கே தெரியும்.

2014 அக்டோபர் 21, செவ்வாய்க்கிழமை. போன் மாற்றிப் போன் அடித்துக்கொண்டிருந்தது. குபேந்திரன் சார் மாட்டுத்தாவணிக்குப் போயிருந்தார். ஜமீலா எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து ஏதோ அடித்துக்கொண்டிருந்தாள். ஃபைலில் யாராவது கை வைத்தால் எங்கள் இருவருக்கும் மெயில் வரும். அது வந்தது. கன்ஃபர்ம் ஃபைலில் ஒரு மாற்றம், ஜமீலா. சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு அந்த மெயிலைத் திறந்தேன். ஒரு வரிதான். புரிய ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. உடனே அதைப் படிக்காத மெயில் என்று மறுபடி குறித்து வைத்தேன். அது தடித்த கறுப்பு எழுத்தில், நான் தொடவே தொடாதது போல நின்றது.

எனக்குப் பயம். காரைக்குடியில் அப்பா வேலையை விட்டுவிட்டு வா, வரன் பார்த்தாகிவிட்டது என்று தினம் சொல்லிக்கொண்டிருந்த நேரம். அந்த மாசம் என்னை டீமுக்குத் தலைமையாகப் போடுவதாக இருந்தார்கள், அதைச் சொல்லித்தான் வீட்டில் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன். இதில் என் பெயர் வந்தால் மூட்டை கட்ட வேண்டியதுதான். பஸ் கம்பெனிக்காரர்கள் யார் செய்த தப்பு என்று ஒரு பெயர் கேட்டார்கள். மூன்றாம் நாள் சார் எங்கள் இருவரையும் எதிரே உட்காரவைத்து, என்னம்மா ஆச்சு என்றார். "பூட்டு பிடிக்கல சார்" என்றேன். குரல்கூட நடுங்கவில்லை.

ஜமீலா என்னைத் திரும்பிப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள். அடுத்த வாரம் ராஜினாமா. ஜனவரியில் நிக்காஹ். எனக்குக் காய்ச்சல் என்று சொல்லிப் போகவில்லை. எனக்குக் காய்ச்சல் இல்லை.

அவள் நல்லவள், காட்டிக்கொடுக்க மாட்டாள் என்று தெரிந்தே செய்தேன். கரண்ட் இல்லாத மத்தியானங்களை நினைத்து இந்த மாசம் முழுக்க உருகிக்கொண்டிருந்தேனே, அந்த மத்தியானங்களை விற்றவளும் நான்தான்.

ஆகஸ்ட் 25, திங்கள்

சாரிடம் சொன்னேன். தப்பு என் ஃபைலில், பூட்டில் இல்லை, ஜமீலாதான் அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்திருக்கிறாள் என்று. டெய்சி ஓடவிட்டதைக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"அடக் கடவுளே. அந்தப் பொண்ணு வாயத் திறக்கலையேம்மா. உனக்கு எப்பத் தெரிஞ்சுது?"

"போன வாரம்தான் சார். மாத்தும்போது."

"சரி விடு, நீ என்ன வேணும்னா செஞ்ச. இன்னைக்கே அதுக்குப் போன் போட்டு வேலைக்கு வரச் சொல்லிருவோம். அந்த அறிக்கையையும் எடுத்துருவோம். முடிஞ்சுது கதை."

முடிந்துவிட்டதாம். எவ்வளவு சுலபம். அவர் அறையை விட்டு வரும்போது எனக்கு லேசாகத்தான் இருந்தது. இரண்டு படி இறங்குவதற்குள் அந்த லேசு போய்விட்டது. பாதி உண்மையைச் சொல்லி மீதிப் பாதியை மறுபடி படிக்காததாகக் குறித்து வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 27, புதன்

விநாயகர் சதுர்த்தி, லீவு. காலையில் கொழுக்கட்டை செய்தேன். ஜமீலாவுக்கு என்று ஒரு டப்பாவில் எடுத்து வைத்தேன், பிறகு அங்கேயே வைத்துவிட்டேன். வெறுங்கையோடு போவதுதான் சரி என்று தோன்றியது.

கோரிப்பாளையத்தில் ஒரு சந்துக்குள் மாடி வீடு. வாசலில் சின்னச் சின்னதாக இரண்டு ஜோடி ஷூ. கதவைத் திறந்தவள் ஒரு விநாடி நின்றாள்.

"ஏய் உமை! அடிப்பாவி, சொல்லாமக் கொள்ளாம! என்னடி இப்படிக் குண்டாயிட்ட?" என்று கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

அவள் இளைத்திருந்தாள். குரல் மட்டும் அப்படியே. டீ போட்டுக்கொண்டே சோஃபாக்காரரைப் பற்றிக் கேட்டாள், அவர் கடையை ஒத்தக்கடைக்கு மாற்றிவிட்டார் என்றேன். கேபிளைப் பிடுங்கிய கதையை அவளே சொல்லி அவளே சிரித்தாள். மகனுக்குக் காட்டினாள், "இதுதான் உமை ஆன்ட்டி. அம்மாவும் இவுகளும் சேர்ந்துதான் ஊர்ப்பட்ட பஸ்ஸ ஓட்டுனோம்." ஐந்து நிமிடம், பத்து நிமிடம் இருக்கும். 2012 அப்படியே திரும்பி வந்து அந்த அறையில் உட்கார்ந்திருந்தது. அப்படியே எழுந்து வந்துவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

"முந்தாநேத்து சார் போன் பண்ணாரு. எல்லாம் சொன்னாரு. போன வாரம்தான் நீ பார்த்தியாமே அந்த வரிய" என்றாள் அவளே. முகத்தில் கோபமே இல்லை. எனக்காகச் சந்தோஷப்படுகிற முகம். "உன் ஃபைல்ல போட்டா நீ எப்படியும் பார்ப்பன்னுதான்டி போட்டேன். நானா வந்து சொன்னா உன்னைய மாட்டிவிட்ட மாதிரி இருக்கும்ல. நீ பூட்டுன்னு சொன்னப்ப பக்குன்னு இருந்துச்சு. உன் முகத்தப் பார்த்தேன். சரி, இவ இன்னும் பார்க்கல, இவளுக்கே தெரியலன்னு நெனச்சேன். அந்த நேரம் உங்கப்பா வேற உன்னைய ஊருக்குக் கூப்பிட்டுட்டு இருந்தாரு. போய்த் தொலையுதுன்னு விட்டுட்டேன்."

டீயை என் கையில் கொடுத்தாள்.

"எங்க வீட்ல எத்தன பேச்சு தெரியுமா? எங்க அண்ணன் சொல்லும், உன் கூட்டாளிதான உன்னைய மாட்டிவிட்டான்னு. நான் சண்டைக்குப் போவேன். என் உமை அதப் பார்த்திருந்தா ஒரு நிமிஷம் சும்மா இருந்திருக்க மாட்டா, அவ பார்க்கல, அவ்வளவுதான்னு சொல்வேன். இப்பச் சொல்லலாம் அதுகிட்ட."

நான் தலையை ஆட்டினால் போதும். சாரிடம் சொன்னதையே இங்கும் சொன்னால் வேலையும் அவளுக்கு, அவளும் எனக்கு. கரண்ட் இல்லாத மத்தியானங்கள் எல்லாம் திரும்பக் கிடைக்கும்.

"ஜமீலா, போன வாரம் இல்ல. அன்னைக்கு மத்தியானமே பார்த்துட்டேன்" என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. "எத?"

"அந்த மெயில. திறந்து படிச்சேன். படிச்சுட்டு மூடிட்டேன். அதுக்கப்புறம்தான் சார்கிட்ட பூட்டுன்னு சொன்னேன். இப்பவும் சார் கேட்டப்ப உன்னைய வேண்டாங்கிற மாதிரித்தான் பேசினேன். பதிலும் போடல."

பிஸ்கட் தட்டை எடுத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தவள் அதைக் கீழே வைத்தாள். மகன் வந்து ஏதோ கேட்டான், அவனை உள்ளே போகச் சொன்னாள். அழுவாள் என்று நினைத்தேன், திட்டுவாள் என்று நினைத்தேன். இரண்டும் செய்யவில்லை.

"பூட்டுன்னு சொல்றதுக்கு முந்தியே?"

"முந்தியே."

"பதினோரு வருஷம்" என்றாள். "எங்க அண்ணன்கூட நான் எத்தன நாள் பேசாம இருந்திருக்கேன் இதுக்காக."

மன்னிச்சிரு என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் பார்த்த பார்வையில் அது வெளியே வரவில்லை.

"டீ ஆறுது. குடி" என்றாள்.

குடித்தேன். இனிப்பு எவ்வளவு என்றுகூடத் தெரியவில்லை. நான் எழுந்தபோது அவளும் எழுந்தாள், வாசல்வரை வந்தாள்.

"வேலைக்கு வருவேன் உமையா. அது எனக்கு வேணும், என் வேலை அது. அந்த அறிக்கைய எடுக்க வேணாம்னு சார்கிட்ட சொல்லு. எடுத்துட்டா நான் பண்ணதாவே இருந்துட்டுப் போயிரும்."

சரி என்றேன். உமை என்று அவள் கூப்பிடவில்லை என்பது செருப்பை மாட்டும்போதுதான் மனசில் ஏறியது. வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தேன். ஆட்டோக்காரர் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்.

ஆகஸ்ட் 28, வியாழன்

சாரிடம் மீதிப் பாதியையும் சொல்லிவிட்டேன். "இத நீ சொல்லாம இருந்திருக்கலாம்மா" என்றார். டீமுக்கு அடுத்த மாசத்திலிருந்து வேறு ஆள் தலைமை. நியாயம்தான். வீட்டில் இவரிடம் சொன்னேன், மகளைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டு வந்தார், இரவுக்கு மாவு வாங்கி வந்திருந்தார்.

இருநூற்றுப் பன்னிரண்டாவது கன்ஃபர்ம். மாற்றினேன். டெய்சி சொன்ன மாதிரி அந்த வரிக்கு வேலை இல்லாமல் போய்விட்டது. எடுக்கும்போது கை நின்றது, எடுத்துவிட்டேன். அறிக்கையைத் திறந்து பூட்டு என்று இருந்த இடங்களில் எல்லாம் கன்ஃபர்ம் என்றும், ஜமீலா என்று இருந்த இடங்களில் உமையாள் என்றும் மாற்றினேன். சரிசெய்தவர் என்று ஜமீலா பெயரையும் அந்த நேரத்தையும் போட்டேன். அதன் கீழே, அன்று மத்தியானமே எனக்குத் தெரியும் என்று ஒரு வரி. சார் அது வேண்டாம் என்றார். போட்டேன்.

செப்டம்பர் 8, திங்கள்

ஜமீலா இன்று வேலைக்குச் சேர்ந்தாள். நீல நிறத் துப்பட்டா, புதுப் பை. டெய்சி எழுந்து போய்க் கை கொடுத்தாள், பிள்ளைகள் எல்லாம் சுற்றி நின்றுகொண்டார்கள், தீபாவளி என்ற சொல்லை ஒருவரும் எடுக்கவில்லை. ஒவ்வொரு சீட்டாக வந்து எல்லோருக்கும் குட் மார்னிங் சொன்னாள். என் சீட்டுக்கும் வந்தாள். எல்லோருக்கும் சொன்னது போலவே எனக்கும் சொன்னாள்.